தாள் கருகினால் ஒரே மருந்தா?

முதலமடையின் மாந்தோப்புக்காரர்களுக்கு இலைப்பேனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாம்பூவைக் கருக்கும் அந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் சின்ன வெங்காயத்தில் அதன் இன்னொரு இனம் குடியிருக்கிறது. நடுத்தாளின் இடுக்கில் ஒளிந்துகொண்டு, தாளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். தாளெங்கும் வெள்ளி நிறக் கீற்றுகள் விழும். இதைக் கண்டதும் பூஞ்சாண மருந்து அடிப்பவர்கள் உண்டு, காசுதான் வீண். செடியை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பார்த்தால் மஞ்சள் பொடியாகப் பூச்சிகள் ஊர்வது தெரிந்துவிடும்.

ஊதாக் கறை நோய் வேறு விஷயம். ஆல்டர்நேரியா போரி என்ற பூஞ்சாணம் முதலில் நீர் கோத்த சிறு வெண்புள்ளியாகத்தான் வரும். பிறகு அது நீள்வட்டமாக விரிந்து, நடுவில் ஊதா நிறமேறி, சுற்றிலும் மஞ்சள் விளிம்பு கட்டும். புள்ளிக்குள் வளையம் வளையமாகக் கரும்பொடி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தாள் அந்த இடத்திலேயே ஒடிந்து தொங்கும். வெதுவெதுப்பும் இரவெல்லாம் காயாத ஈரமும் இதற்குப் போதும். இலைப்பேன் சுரண்டிய புண் கிடைத்தால் நுழைவது இன்னும் சுலபம், ஆகவே பூச்சியை விட்டுவிட்டுப் பூஞ்சாணத்தை மட்டும் துரத்துவதில் பயனில்லை. இடுக்கியில் வட்டவடை, காந்தளூர் மலைகளில் விளையும் பூண்டும், நுவரெலியாவின் லீக்ஸும் இந்தப் பூஞ்சாணத்துக்கு ஒன்றுதான்.

மழை விடாமல் பிடிக்கும்போது வருவது திருகல் நோய். கழுத்து நீண்டு, தாள் வெளிறிச் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். இதுவும் பூஞ்சாணத்தின் வேலைதான். தண்ணீர் தேங்கும் வயலில் எந்த மருந்தும் எடுபடாது, முதலில் வடிகால் வெட்ட வேண்டும்.

விதைக்காயை டிரைக்கோடெர்மாவில் நேர்த்தி செய்வது, வயலைச் சுற்றி நெருக்கமாக மக்காச்சோளம் விதைத்து இலைப்பேனின் வரவைக் குறைப்பது, யூரியாவை அளவோடு போடுவது, மாலையில் தெளிப்பான் ஓட்டாமலிருப்பது எல்லாம் செலவு குறைந்த வழிகள். கறை தென்பட்டதும் மான்கோசெப் லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் தெளிக்கலாம். வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு உண்டு; ஒட்டுத் திரவம் சேர்க்காவிட்டால் மருந்து உருண்டு மண்ணில் விழும்.

கறை கழுத்து வழியாகக் காய்க்குள் இறங்கிவிட்டால் அது பட்டறையில் நிற்காது, அழுகும். பூஞ்சாணம் காய்ந்த தாளில் உயிரோடிருக்கும் என்பதால், அறுவடைக் கழிவை வரப்பில் குவித்துவைத்து அதே வயலில் மறுபடியும் வெங்காயம் நடுவதைப்போல் அதற்கு வசதி வேறில்லை. அடுத்த பட்டத்துக்குச் சோளமோ மக்காச்சோளமோ போடலாம்.