ஒரு முழத் துணியில் ஒத்தணம்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என மூன்றைச் சொல்லி, நான்காவதாக உழைச்செல்வானை வைத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து, வேளையறிந்து மருந்து கொடுத்துப் பேணுபவனையே அச்சொல் குறிக்கும். இக்குறளைப் பாடஞ் சொல்லும்போது மாணாக்கர் பெரும்பாலும் மருத்துவனைப் பற்றியே வினாவுவர். நான்காமவனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. சென்ற மார்கழியில் பேசாலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "பக்கத்தில் ஒருவரும் இல்லாத வீட்டில் என்ன செய்வது, ஐயா?" என்றாள்.

அது ஏட்டிலிருந்து எழுந்த வினாவன்று. அவளுடைய அம்மம்மா பேசாலையில் தனியே வாழ்கிறார். மகன் பாரிசில், மகள் கனடாவில். பேத்தியோ விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறவள். 1990-ஆம் ஆண்டையொட்டிய போர்க்காலத்தில் கடல் கடந்தும் காடு கடந்தும் சிதறிய மன்னார்க் குடும்பங்களுள் இதுவும் ஒன்று. அவ்வம்மையாருக்கு நத்தார்ப் பரிசாக ஒரு வெப்பப் பை தைத்துக்கொண்டிருந்தாள் அம்மாணவி. துணிக்குள் அரிசியை நிரப்பி, நுண்ணலை அடுப்பில் ஓரிரு நிமிடம் சூடேற்றி, நோகும் இடத்தில் சுற்றிக்கொள்ளும் பை அது. அவ்வடுப்பை மகன் வாங்கி அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லாரும் அதனை மைக்ரோவேவ் என்றே சொல்வர். யானும் அவர்களைத் திருத்த முற்படவில்லை.

பேசாலை மன்னார்த் தீவின் வடகரையில், மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் வழியில் உள்ள கடற்றொழிலூர். வடக்கு நோக்கிய கரையாதலின் வாடைக்காற்று நேரே வந்து மோதும். வலை இழுத்த தோளுக்கும், கருவாட்டுக்கு மீன் கீறக் குனிந்திருந்த இடுப்புக்கும் அக்காற்று ஆகாது. அங்கே ஒத்தணத்தின் அருமையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒத்தணம் என்று நாம் வழங்குவதும், தமிழகத்தார் ஒத்தடம் என்பதும், ஒற்றடம் என்னும் ஒரு சொல்லின் வடிவங்களே. ஒற்றுதல் என்பது மெல்ல அழுத்தி எடுத்தல். இலக்கணத்தில் ஒற்று என்றால் மெய்யெழுத்து. அரசியலில் ஒற்று என்றால் வேவு. நோயாளியின் படுக்கையருகே அது ஒரு கையின் தொழில். சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 என எண்ணும். ஒற்றடம், வேது, பொட்டணம் ஆகியன அவற்றுள் அடங்கும். மணல், உப்பு, தவிடு ஆகியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவதும், செங்கல்லைச் சுட்டுச் சீலையில் சுற்றி வைப்பதும், நொச்சி, ஆமணக்கு, வாதமடக்கி இலைகளை வதக்கி ஒற்றுவதும் நம் வீடுகள் அறிந்தவையே.

இங்கே வினைச்சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒத்தணம் 'கொடுத்தாள்' என்கிறோம், 'பிடித்தாள்' என்கிறோம். கொடுத்தவர் ஒருவர், கொள்பவர் வேறொருவர் என்பது அவ்வழக்கிலேயே அமைந்து கிடக்கிறது. அடுப்பண்டையில் ஒருத்தி வறுப்பாள். முடிச்சைத் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். பின்பே நோயாளியின் முதுகில் வைப்பாள். ஆறியதும் மீண்டும் அடுப்புக்குப் போவாள். வள்ளுவரின் உழைச்செல்வான் இவளே. மாணவி தைக்கும் பையில் வெப்பம் இருந்தது, புறங்கை இல்லை. இதனை எண்ணிய பின்னரே அப்பையின் தையல் முறையை யான் கருத்தோடு கேட்கலானேன்.

அவ்வடுப்பின் தத்துவத்தைச் சுருங்கச் சொல்லலாம். அமெரிக்காவில் ரேதியன் என்னும் நிறுவனத்தில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர், 1945-இல், ரேடார் கருவிக்குரிய அலைகள் உணவைச் சூடாக்குவதைக் கண்டு இவ்வகை அடுப்புக்கு வழி வகுத்தார். அவ்வலை வினாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. பொருளிலுள்ள நீரின் மூலக்கூறுகள் அந்த அதிர்வுக்கேற்பத் திரும்பித் திரும்பி அலைக்கழிவதால் சூடு பிறக்கிறது. ஆகவே நீர்ப்பசையற்ற மணலும் உலர்ந்த உப்பும் இதற்கு ஏற்றவையல்ல. அரிசியில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு ஈரம் உண்டு. மேலும், ஒரே நிறையுள்ள அரிசியும் மணலும் ஒரே அளவு சூடேறினால், அரிசி ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை உள்ளடக்கி நிற்கும். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லைக் குற்றிய அரிசியில் ஒரு கிலோவை மாணவி எடுத்திருந்தாள்.

பை ஒரு முழ நீளம், ஆறு அங்குல அகலம். துணி தூய பருத்தியாக இருத்தல் வேண்டும். பழைய சாரம் ஒன்றை எடுத்தவள், அதன் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தாள். பருத்தியாயின் கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும். செயற்கை நூலாயின் உருகி மணியாகத் திரளும். அச்சாரம் சாம்பலாகித் தன் குலத்தை மெய்ப்பித்தது. சரிகை, கொக்கி, பற்பிணை, உலோகப் பொத்தான் ஒன்றும் கூடா. உலோகம் பட்டால் அடுப்பினுள் தீப்பொறி பறக்கும். கட்டுவதற்கு அதே துணியில் நாடா தைத்தாள். பையின் குறுக்கே தையலோட்டி நான்கு அறைகளாக்கி, ஒவ்வோர் அறையையும் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே நிரப்பினாள். அறை இல்லாவிடில் அரிசி முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். முற்ற நிரப்பினாலோ பை உடலில் வளையாது. விளிம்புகளுக்கு இரட்டைத் தையல் போட்டாள். பையை நனைக்கலாகாது, ஆதலின் கழற்றித் துவைக்க மேலுறை ஒன்றும் தனியே தைத்தாள்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டாள். அறைகளின் வாயை நிலையாகத் தைக்காமல் நாடாவால் முடிந்து வைத்தாள். அரிசியைத் தாச்சியில் இட்டு வறுத்து, சற்று ஆறவிட்டு, மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். தையல் நூல்களில் இவ்வுத்தி உண்டோ அறியேன். எனக்கு இதுவே மிகப் பிடித்தது.

புறங்கையின் குறைதான் எஞ்சியது. அது சிறு குறையன்று. நீரிழிவு நெடுநாள் உள்ள முதியோர்க்குக் கால்களில் உணர்ச்சி மங்குவதுண்டு. தோல் வெந்தபின்னும் அவர்கள் அறியார். மரத்த இடத்திலும், புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்திலும் சூடு வைத்தல் தகாது. பையை அணிந்தபடி உறங்குதலும் கூடாது. மிகைப்படச் சூடேற்றினாலோ, முற்றும் ஆறுமுன் மறுபடியும் அடுப்பில் வைத்தாலோ, ஈரம் வற்றிய அரிசி கருகித் தீப்பற்றவும் கூடும். கடைகளில் விற்கும் பைகளிலும் இவ்வெச்சரிக்கைகள் உண்டு. ஆங்கிலத்தில், எறும்பூர்வது போன்ற எழுத்தில்! பேசாலையில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு அவற்றால் என்ன பயன்?

ஆதலின் அச்செய்திகளைத் துணியிலேயே எழுதித் தைக்கலாம் என்றேன். மேலுறையில் சிவப்பு நூலால், விரலால் தடவியும் அறியத்தக்க பெரிய எழுத்தில், அவள் நான்கு வரி தைத்தாள். 'ஒரு கோப்பைத் தண்ணீரும் கூட வைக்கவும். முதலில் ஒரு நிமிடம். போதாவிட்டால் அரை நிமிடம். புறங்கையில் வைத்துப் பார்க்கவும். இருபது நிமிடத்தில் கழற்றவும்.' கோப்பைத் தண்ணீர் அரிசி அளவுக்கு மீறி உலர்வதைத் தணிக்கும். 'புறங்கையில்' என்ற சொல்லில் றகரம் கோணிவிட்டதென்று பிரித்துத் தைக்கப் போனவளை யானே தடுத்தேன். எழுத்துப்பிழை பொறுக்காதவன் யான். ஆயினும் அது பிழையன்று, கையின் சாயல்.

இயந்திரம் வந்தால் அன்பு போய்விடும் என எழுதுவோர் இப்பக்கங்களில் உண்டு. நள்ளிரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானே அடுப்பு மூட்டித் தானே வறுத்த முதியவளை அவர்கள் கண்டிலர் போலும்.

நத்தாருக்குப் பின் பேசாலைக்குச் சென்றபோது அவ்வம்மையாரைக் கண்டேன். பை இடுப்பில் இருந்தது. நாள் செல்லச் செல்ல அரிசி ஈரம் வற்றும், கருகல் மணம் வந்தால் அந்த அரிசியை அகற்றிப் புதிதாக இட வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அரிசியை எறிய எனக்கு மனம் வராது, வாத்தியார். கோழிக்குப் போடலாமோ?"

போடலாம் என்றேன்.