மைனஸ் 58 நல்லதா, கெட்டதா?

ஹாஸ்டல் வராண்டாவில் லேப்டாப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிக்னல் தேடாத இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் உண்டா? நானும் தேடியிருக்கேன். ஆனா அதில் வர்ற நம்பருக்கு என்ன அர்த்தம்னு மூன்றாம் வருஷ மினி ப்ராஜெக்ட்டில் அடி வாங்கின பிறகுதான் புரிந்தது.

லேப் முழுக்க வைஃபை சிக்னலை அளந்து மேப் போடணும். பாதி என் லேப்டாப்பில், பாதி நண்பன் லேப்டாப்பில் எடுத்தோம். ஒரே இடத்தில் எனக்கு 52, அவனுக்கு 74. "என் வைஃபை கார்டு வேஸ்ட்"னு ரிப்போர்ட்டிலேயே எழுதிட்டோம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிதான் கவனிச்சோம்: என்னுது 70க்கு 52, அவனது 100க்கு 74. கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்!

அந்த 70 எங்கிருந்து வந்தது? லினக்ஸ் கெர்னலில் பழைய 'ஐடபிள்யூ கான்ஃபிக்' கமாண்டுக்காக ஒரு கணக்கு இருக்கு. டிரைவர் தரும் டிபிஎம் மதிப்போடு 110 கூட்டும். மைனஸ் 58 என்றால் 52. மைனஸ் 40க்கு மேல் எவ்வளவு நல்ல சிக்னல் வந்தாலும் 70தான். அதாவது ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்தால் வித்தியாசமே தெரியாது.

அதனால நேரா டிபிஎம்மையே பாருங்க. 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். ஒவ்வொரு 10 குறையும்போதும் பவர் பத்தில் ஒரு பங்காகும்; 3 குறைந்தால் ஏறக்குறைய பாதி. மைனஸ் 60 என்றால் வெறும் 1 நானோவாட். மைனஸ் 58ஐ விட மைனஸ் 68 "கொஞ்சம்" கம்மி இல்லை, பத்து மடங்கு கம்மி.

இந்த டிபிஎம்மும் எல்லா கார்டிலும் ஒரே மாதிரி வராது. வைஃபை ஸ்டாண்டர்டில் ஆர்எஸ்எஸ்ஐ என்பது ஒரு ஒப்பீட்டு எண் மட்டுமே. அதன் உச்ச அளவை சிப் தயாரிப்பவரே முடிவு செய்யலாம். அதைப் புரியும்படி மாத்துவது டிரைவர் வேலை. ஏதெரோஸ் சிப்புக்கான 'ஏடிஎச்9கே' டிரைவரின் சோர்ஸைத் திறந்து பாருங்க. அங்கே சிப் சொல்வது, இரைச்சலை விட சிக்னல் எத்தனை டிபி மேலே இருக்குன்னு. இரைச்சல் மைனஸ் 95, ஆர்எஸ்எஸ்ஐ 37 என்றால், ரெண்டையும் கூட்டி மைனஸ் 58னு டிரைவர் சொல்லும். டிபிஎம்மே தராத டிரைவர்களும் உண்டு. அவை "அலகு தெரியாது"ன்னு கெர்னலிடம் சொல்லிவிட்டு, 0 முதல் ஒரு உச்சம் வரை ஏதோ ஒரு எண் தரும்.

இன்னொண்ணு: சிக்னல் மட்டும் போதாது, இரைச்சலும் வேணும். மைனஸ் 95 இரைச்சலில் மைனஸ் 58 என்றால் 37 டிபி இடைவெளி, சூப்பர். அதே மைனஸ் 58, இரைச்சல் மைனஸ் 75 உள்ள இடத்தில் என்றால் இடைவெளி 17தான், ஸ்பீடு விழும். 'ப்ராக்' ஃபைலில் இரைச்சல் மைனஸ் 256னு வந்தால் பயப்படாதீங்க, அளந்த மதிப்பு அங்கே வரலைன்னுதான் அர்த்தம்.

அன்னிக்கு ராத்திரி ஒரே லேப்டாப்பில், 'ஐடபிள்யூ' கமாண்டில் வரும் டிபிஎம்மை மட்டும் வெச்சு எல்லாத்தையும் மறுபடி அளந்தோம். தூக்கம் போச்சு, மேப் சரியாச்சு. "கார்டு வேஸ்ட்" வரியை அடிச்சிட்டோம்.

நீங்களும் நம்பரை எழுதும்போது பக்கத்திலேயே மூணு விஷயத்தை எழுதிடுங்க: என்ன அலகு, எந்த கார்டு, எந்த டிரைவர். கார்டைத் திட்டுறது அப்புறம்.