குளிரில் ஐந்து கிலோமீட்டர்

ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் ஊர்ப்பக்கம் அடைமழை. குடையில்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. இங்கே சிஞ்ச்வடில் கதையே வேறு. தீபாவளிப் பட்டாசுச் சத்தம் அடங்கும்போது மழை ஏறக்குறைய விடைபெற்றிருக்கும். பகலில் வெயில் அடிக்கும். விடியற்காலையில் பற்கள் தந்தியடிக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேல் நாம் குடியிருக்கிறோம். மேகம் என்ற போர்வை இல்லாததால், பகலில் வாங்கிய சூட்டைப் பூமி இரவோடு இரவாக வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் விடியற்காலை வெப்பம் 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இந்தக் குளிர்தான் புனே வட்டாரத்தில் ஓட்டப் பந்தயங்களின் பருவம். 1983இல் தொடங்கிய புனே சர்வதேச மாரத்தானை டிசம்பர் முதல் ஞாயிறன்று நடத்துவது வழக்கம். அந்தச் சமயத்தையொட்டிக் குடியிருப்புச் சங்கங்களும் பள்ளிகளும் மூன்று, ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களை நடத்துகின்றன. எல்லாவற்றுக்கும் ‘மாரத்தான்’ என்றே பெயர் சூட்டிவிடுகிறார்கள். உண்மையான மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரமே 1921இல் விதியாயிற்று. நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய சமாசாரம் அல்ல. நம்மைப் போன்றவர்கள் குடும்பத்தோடு ஓடக்கூடிய ஐந்து கிலோமீட்டரைப் பற்றித்தான்.

நான் ஓடப் போன கதை

நாற்பத்தொன்பது வயதில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். திருநெல்வேலிக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டு வந்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. வீட்டில் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வருடம்!

அந்த நவம்பரில் எங்கள் வட்டாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “அப்பா, நாம ரெண்டு பேரும் ஓடலாம்” என்றாள். ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லை. கல்லூரி நாட்களில் கபடி ஆடிய நினைப்பு ஒன்றே மூலதனம். பருத்தி பனியன், அதன்மேல் கம்பளிச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா. சீட்டி அடித்ததும் இருபது வயதுப் பையன்களோடு பாய்ந்தேன்.

முதல் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு இரைத்தது. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. சாலையோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பெரியப்பாவின் முகம் அவள் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அன்றே டாக்டரிடம் போனோம். இ.சி.ஜி., சில நாள் கழித்து டிரெட்மில் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் குறையில்லை. குளிர்ந்த காற்றை வாய் வழியாக வேகவேகமாக இழுத்ததால் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். “இந்த முறை தப்பித்தீர்கள். பரிசோதனை செய்துகொள்ளாமல், பழகாமல் ஓடாதீர்கள். ஆனால் ஓடாமலும் இருந்துவிடாதீர்கள்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி இன்னும் முழுதாக நம்பவில்லை!

குளிரில் உடம்புக்குள் நடப்பது என்ன?

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குளிர் பட்டதும், உடம்பின் சூடு வெளியேறாமல் காக்கத் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூடுதல் பலத்தோடு வேலை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் திடீரென்று ஓடினால் பாரம் இரட்டிப்பாகிறது. குளிர்காலத்தில் மாரடைப்புகள் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியர்களான நமக்கு இதய நோய் மேல்நாட்டாரைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது மூச்சு. குளிர்ந்த காற்று வறண்ட காற்று. அதைச் சூடாக்கி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. வாயால் இழுத்தால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. மூன்றாவது தசை. குளிர்ந்த தசை விறைப்பாக இருக்கும். சட்டென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். பிம்ப்ரி, ஆகுர்டி ஆலைகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலக் காலையில் டீசல் வண்டியைக் கிளப்பியவுடனே யாராவது விரட்டுவார்களா?

ஆனால் ஓடுகிறவனுக்குக் குளிர் பகை அல்ல. ஓடும்போது நாம் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே வெளியேறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாமல்தான் சென்னை வெயிலில் ஓடுகிறவர் தவிக்கிறார். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் மிகவும் உகந்தது. ஊரில் கிடைக்காத இந்த வசதி நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது. முதல் பத்து நிமிடத்தை ஒழுங்காகக் கடந்தால் போதும்.

பழகியது எப்படி?

மறு வருடம் ஆகஸ்டு கடைசியிலேயே தொடங்கினேன். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடையைக் குறைத்தேன். பத்தாவது வாரம் நிற்காமல் இருபத்தைந்து நிமிடம் ஓட முடிந்தது. வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருபவரோடு ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

பவனா ஆற்றங்கரைப் பக்கம் ஓடும்போது பழக்கமானவர் ஒரு மராட்டியப் பெரியவர். வயது அறுபத்தெட்டு; ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘காகா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் வேகமெடுத்தால் உடனே “ஹளு ஹளு” என்பார். ‘மெல்ல மெல்ல’ என்று அர்த்தம். அவரே எனக்குக் குரு.

ஓட்டத்தன்று

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது. அதனால் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு வாழைப்பழம் போதும். இட்லி, பொங்கலெல்லாம் திரும்பி வந்த பிறகு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் எப்படிச் சாப்பிடுவது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸோ கல்கண்டோ இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்கக்கூடாது.

புறப்படும் இடத்தில் நிற்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், ஓடும்போது வேர்த்துக் கொட்டும். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நின்றதும் நடுக்கம் வரும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் ஜெர்சி நல்லது. ஸ்வெட்டரைக் கடைசி நிமிடத்தில் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடலாம்.

சீட்டி அடிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே வேகமாக நடந்து, பிறகு மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். முதல் கிலோமீட்டரில் கூட்டம் உங்களைத் தாண்டிப் போகட்டும். முடிந்தவரை மூக்கால் மூச்சு விடுங்கள். காற்று கடித்தால் வாயை ஒரு கைக்குட்டையால் மூடிக்கொள்ளலாம். விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடப்பதால் வண்டிப் புகையும் தெருவில் கொளுத்தும் சருகுப் புகையும் மேலே போவதில்லை. புகைமூட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அன்று நடையோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பத்து நிமிடம் நடந்துவிட்டு, உடனே உலர்ந்த சட்டை மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் வரும்போல் தலைச்சுற்றல் — இதில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி 108க்குப் போன் செய்ய வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக்கூடாது. அண்ணன் அப்படித்தான் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

அந்த வருடம் மகளோடு ஐந்து கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன். நாற்பத்து மூன்று நிமிடம் ஆயிற்று. புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்து ஆசியப் போட்டியில் இதே தூரத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடித் தங்கம் வாங்கினார். நமக்கு அந்தக் கவலையெல்லாம் எதற்கு? எனக்கு முன்னால் முடித்திருந்த காகா தேநீரோடு காத்திருந்தார். மகள் இந்த முறை அழவில்லை. “அடுத்த வருஷம் அம்மாவையும் கூட்டிட்டு வரணும்” என்றாள்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அண்ணனின் வயதைத் தாண்டி மூன்று வருடமாகிவிட்டது. நம் சங்கத்து அன்பர்கள் இந்தக் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூவை மாட்டுங்கள். ஹளு ஹளு!