குரலை அதிரவைப்பது எது?

குரல்வளைத் தசைகள் துடிப்பதால்தான் குரல் பிறக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் தசைகள் ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதிரவைப்பது காற்று.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் மடிப்புகள், ஆண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்கள் பேசும்போது 200 முறை அளவிலும் சேர்ந்து பிரிகின்றன. உச்சத்தில் பாடும் சோப்ரானோ பாடகியிடம் இது 1,000-ஐத் தாண்டும். மனித உடலின் எந்தத் தசையாலும் அந்த வேகத்தில் சுருங்கித் தளர முடியாது.

ஆனாலும் 1950-இல் பிரான்சின் ரவுல் யூஸோன், ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனிக் கட்டளை அனுப்புகிறது என்று வாதாடினார். வியப்புதான். ஏனென்றால் அதே பிரான்சில் 1741-லேயே அந்துவான் ஃபெரேன், இறந்தவரின் குரல்வளைக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பியிருந்தார். கட்டளையிட அங்கே மூளை ஏது? 1958-இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் விளக்கத்தைச் செம்மையாக்கினார்: மூடிய மடிப்புகளை நுரையீரல் காற்று முட்டித் திறக்கிறது, மடிப்பின் மீள்தன்மையும், விரைந்து பாயும் காற்றின் அழுத்தக் குறைவும் திரும்ப மூடுகின்றன.

தசைகளுக்கு என்ன வேலை? சில தசைகள் மடிப்புகளை நடுவே கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒன்று மடிப்புக்குள்ளேயே இருந்து அதைத் தடிக்கவைக்கிறது. சுருதியை ஏற்றும் தசையின் வேலையை விரலாலேயே உணரலாம். குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கே விரல்நுனியை வைத்து, குரலைத் தாழ்விலிருந்து மெல்ல மேலே கொண்டுபோங்கள், பள்ளம் குறுகும். மேலும் கீழுமுள்ள குருத்தெலும்புகள் முன்புறத்தில் நெருங்க, உள்ளே மடிப்புகள் நீண்டு விறைக்கின்றன.

மூடுவதற்குப் பல தசைகள். திறப்பதற்கோ ஒரே ஒரு ஜோடி. அந்த ஜோடி செயலிழந்தால் பேச்சு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும், மூச்சுத்தான் திணறும்.

சுருதியேற்றும் தசையைத் தவிர மற்றவற்றை இயக்கும் நரம்பு, கழுத்தைத் தாண்டி இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் பெருந்தமனி வளைவைச் சுற்றித் திரும்புகிறது. அதனால் நுரையீரல் கட்டிகூட அதை அழுத்தலாம். இடது மடிப்பு அசையாமல் குரல் கம்மியவருக்கு, தொண்டையோடு நிறுத்தாமல் நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.