மூணாறில் ஒன்றாய் நின்ற பெண்கள் பிரிந்த கதை

மூணாறு கடைவீதிக்குச் சாமான் வாங்க இறங்கி வரும் தோட்டத் தொழிலாளியிடம் "எந்தச் சங்கம்?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்வார். அப்பா எந்தச் சங்கமோ, பெரும்பாலும் மகனும் அதே சங்கம். லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் வேறொரு கொடி.

பிளவு என்பது கேரளத்துக்குப் புதிதல்ல. மலங்கரைச் சபை 1912-இல் இரண்டானது. ஆர்த்தடாக்ஸ் தரப்பும் யாக்கோபாய தரப்பும் தேவாலயச் சாவி யாருக்கு என்று நூறு வருஷத்துக்கு மேலாக வழக்காடி வந்திருக்கின்றன. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறிய பிறகும் தகராறு ஓயவில்லை. இறந்தவர்களை அடக்கம் செய்வதற்கென்றே 2020-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் சபை பிரிந்தால் சண்டை போடுவதற்குக் கோயிலும் கல்லறையுமாவது உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவர் குடியிருக்கும் லயமே கம்பெனியுடையது. ஓய்வு பெற்றதும், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், அதைக் காலி செய்ய வேண்டும்.

ஆதியில் சிவப்புக் கொடி ஒன்றாகத்தான் இருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்தவர்களின் வாரிசுகள் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலைச் சந்தித்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். எதிர்த்து நின்றவர் ஐ.என்.டி.யு.சி. தலைவர் பி.கே.நாயர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் (இளையராஜாவின் அண்ணன்) ஊர் ஊராகப் பாடி வாக்குச் சேகரித்ததைப் பழையவர்கள் பெருமையோடு சொல்வார்கள். ரோசம்மா வென்றார். அதே ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தில், கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டதும் நடந்தது.

1964-இல் கட்சி உடைந்தது. 1970-இல் சி.ஐ.டி.யு. பிறந்தது. கட்சி உடைந்தது டில்லியிலும் கல்கத்தாவிலும். கோடு விழுந்ததோ லயத்தின் நடுச் சுவரில்.

இந்தக் கோட்டை ஒரே வாரத்தில் அழித்துக் காட்டியவர்கள் கொழுந்து கிள்ளும் பெண்கள்.

சாலையில் ஒன்பது நாள்

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி 10 சதவீத போனஸ் அறிவித்தது. முந்தைய ஆண்டு கிடைத்தது 19. சட்டப்படி போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20-க்கு மேல் போகவும் கூடாது. பெண்கள் கேட்டது அந்த உச்ச வரம்பைத்தான். அப்போது நாள் கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்கு என்பது இன்னொரு கோரிக்கை. சங்கத் தலைவர்கள் கம்பெனியோடு ஒத்துப் போய்விட்டார்கள் என்று கருதியதால், மூன்று சங்கத்தையும் அவர்கள் கிட்டே சேர்க்கவில்லை. ஆறாயிரம் பேர் என்று சொல்லப்பட்ட கூட்டம் மூணாறு சாலையில் உட்கார்ந்தது. ஆண்கள் ஓரமாக நின்றார்கள். தொகுதி எம்.எல்.ஏ.வையே துரத்தி விட்டார்கள். வி.எஸ்.அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் மரியாதையோடு பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

செப்டம்பர் 13-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20. கணக்கை இப்படிப் பிரித்ததில் கம்பெனியின் சாமர்த்தியம் தெரிகிறது. போனஸ் உயர்ந்ததாக எழுத்தில் இல்லை. ஆனால் கைக்குப் பணம் வந்தது. முதல் மந்திரி உம்மன் சாண்டியின் முன்னால் தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள் என்பது அதைவிடப் பெரிது.

நாற்காலி இல்லாத இடம்

சிக்கல் கூலிப் பேச்சில் ஆரம்பித்தது. கூலியைத் தீர்மானிக்கும் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் அரசும் முதலாளிகளும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் உட்காருவார்கள். பெம்பிளை ஒருமைக்கு அங்கே நாற்காலி கிடையாது. எனவே அந்த ஆண்டு கூலிக்காக மூணாறில் இரண்டு போராட்டங்கள் தனித்தனியே நடந்தன. சங்கங்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அக்டோபரில் கூலி 301 ரூபாய் என்று முடிவாயிற்று. முடிவில் ஒப்பமிட்டவை, பெண்கள் துரத்திய அதே சங்கங்கள்.

என் அபிப்பிராயத்தில் பிளவுக்கு வித்து இதுதான். பணம் வாங்கிக் கொண்டார்கள், பதவி ஆசை என்றெல்லாம் பேசிய வாய்கள் மூணாறில் பல. சாலையில் அமர ஒரு கோரிக்கை போதும். மேஜைக்கு முன்னால் அமர, பதிவும் உறுப்பினர் எண்ணிக்கையும் பழகிய ஆட்களும் வேண்டும். அது இல்லாதபோது ஒருத்தி தேர்தல் வழியாகப் போகலாம் என்கிறாள். மற்றவள் பெரிய சங்கத்துக்குள் புகுந்துதான் எதையும் சாதிக்க முடியும் என்கிறாள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது.

2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். இயக்கத்தின் முன்னணியில் நின்ற கோமதி பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்வானார். மூணாறு பஞ்சாயத்திலும் பெம்பிளை ஒருமைக்குச் சில இடங்கள் கிடைத்தன. இயக்கத்தின் தலைவி லிஸ்ஸி சன்னி. ஆனால் அடுத்த ஆண்டே இருவருக்கும் வழி வேறாகிவிட்டது. கோமதி சி.ஐ.டி.யு.வில் சேர்ந்தார். 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் நின்ற ராஜேஸ்வரிக்கு ஆயிரம் வாக்குக்கூட விழவில்லை. ஆறாயிரம் பேர் அமர்ந்த அதே ஊரில்தான்! சாலைக்கு வந்த கால்கள் வாக்குச் சாவடியில் பழைய கொடியைத் தேடிப் போயின. அதில் வியப்பில்லை. லீவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிராவிடண்ட் பண்டுக்கும் எழுதிக் கொடுக்க லயத்துக்கு வருகிறவர் சங்கத்துக்காரர்தானே?

கோமதி பிறகு சி.ஐ.டி.யு.வை விட்டு வெளியே வந்தார். 2017 ஏப்ரலில் மந்திரி எம்.எம்.மணியின் பேச்சு தங்களை இழிவு செய்தது என்று அவரும் ராஜேஸ்வரியும் வேறு சிலரும் மூணாறில் பந்தலிட்டு அமர்ந்தார்கள். பழைய கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான் அங்கே இருந்தது. 2019-இல் இடுக்கி மக்களவைத் தொகுதியில் கோமதி சுயேச்சையாக நின்று தோற்றார்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. எந்தச் சங்கம் என்று மண் பார்க்கவில்லை. சில நாள் கழித்து முதல் மந்திரி பினராயி விஜயன் வந்தபோது, தொழிலாளிக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று கோமதி சாலையில் உட்கார்ந்தார். போலீசார் அவரை அப்புறப்படுத்தினார்கள். 2015-இல் அவர் பின்னால் இருந்த கூட்டம் அன்று அங்கே இல்லை.