கபச்சுரப்பியும் புற்றுநோயின் புது மருந்தும்

முத்துச் சிப்பியினுள் அயற்பொருள் ஒன்று புகுமாயின், சிப்பி அதனைச் சுற்றிப் படலம் படலமாகப் பூசி முத்தாக்கிவிடுகிறது. 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடற்கரையில் நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை விளைவித்ததும் இவ்வியல்பைக் கொண்டேயாம். அயலை அறிந்து எதிர்க்கும் ஆற்றல் மனித உடலுக்கும் உண்டு. அத்தடுப்பாற்றலைப் புற்றுநோயின்மேல் ஏவும் மருத்துவத்தையும், அதனால் நேரும் ஒரு பக்கவிளைவையும் இங்குக் காண்போம்.

குருதியிலுள்ள டி அணுக்கள் நம் உடலின் படைவீரர். அவை எல்லை மீறி நம்மையே தாக்காதிருக்க, சிடிஎல்ஏ-4, பிடி-1 எனும் கடிவாளங்கள் அவற்றின்மீது அமைந்துள்ளன. அக்கடிவாளங்களை அவிழ்த்து, வீரர்களைப் புற்றணுக்களின்மேல் பாயவிடும் மருந்துகளே இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் முதலியன. இம்முறைக்கு வழிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவற்றின் விலை எளியோர்க்கு எட்டாதது. எனினும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 2022இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்க்கு மூன்று வாரத்திற்கொருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டுமே பிற மருந்துகளுடன் அளிக்கப்பட்டது. ஓராண்டு கடந்து உயிர்வாழ்ந்தோர் அளவு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே இம்மருந்து பெறுவோர் இனி நம் ஊர்களிலும் பெருகுவர்.

கடிவாளம் அவிழ்ந்த வீரர் சிலபோது உடலின் சொந்த உறுப்புகளையும் தாக்குவர். அவ்வாறு தாக்குறுவனவற்றுள் ஒன்று, மூளையின் அடியில் பட்டாணி அளவினதாய் அமைந்த பிட்யூட்டரி சுரப்பி. 'பிட்யூட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கபம் என்பது பொருள். மூளையின் கபம் இதன்வழி மூக்கில் இறங்குவதாக முன்னோர் கருதினர். அப்பெயரைத் தழுவியே நாமும் கபச்சுரப்பி என்கிறோம். உண்மையில் கபத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. பிற சுரப்பிகளை இயக்கும் தலைமைச் சுரப்பி இதுவேயாகும்.

இச்சுரப்பி அழற்சியுறின் தலைவலி, பெருஞ்சோர்வு, பசியின்மை, குமட்டல், தலைசுற்றல் ஆகியன தோன்றும். இபிலிமுமாப் பெறுவோர்க்குப் பெரும்பாலும் சில வாரங்களிலும், ஏனைய மருந்துகளால் அரிதாகவும் சில மாதங்கள் கழிந்தும் இது நேரும். அட்ரீனல் சுரப்பிக்குச் செல்லும் ஆணை நின்றுபோவதால் கார்ட்டிசால் எனும் இயக்குநீர் வற்றும். இரத்த அழுத்தமும் குருதியின் சோடியமும் தாழும். காலத்தே உணராவிடில் உயிருக்கே இறுதியாகும்.

இடர் யாதெனில், இக்குறிகளை எவரும் எளிதிற் பிறழ உணர்வர் என்பதே. உப்பளத்தில் உழைப்பவர் சோர்ந்து விழுந்தால் வெயிலின் கொடுமை என்போம்; புற்றுநோயாளி சோர்ந்தால் நோயின் முற்றல் என்போம். உப்பு நீரைப் பருகுவதால் மட்டும் இக்குறை தீராது. காலை எட்டு மணியளவில் எடுத்த குருதியில் கார்ட்டிசால், சோடியம், தைராய்டு இயக்குநீர் ஆகியவற்றை ஆய்ந்தால் உண்மை விளங்கும். நோயாளி மயங்கும் நிலையிலிருப்பின் முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி செலுத்துவதே முறை. தைராய்டு மருந்தும் தேவைப்படுமாயின், கார்ட்டிசால் குறையை ஈடுசெய்த பின்னரே அதனைத் தொடங்குதல் வேண்டும்.

இக்குறை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆயினும் மாத்திரையால் ஈடுசெய்யத் தக்கதே. புற்றுநோய் மருத்துவத்தையும் பெரும்பாலும் தொடரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் கூறியவாறு அளவைக் கூட்டுதலும், வாந்தியால் மாத்திரை தங்காவிடில் உடனே ஊசி பெறுதலும் இன்றியமையாதன. நோன்பு நோற்க விழைவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்தறிதல் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது நாம் அறிந்ததே.

சென்னையிலோ மதுரையிலோ மருத்துவம் பெற்று ஊர் திரும்புவோர், தாம் பெற்ற மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி எப்போதும் உடன்வைத்திருப்பாராக. நள்ளிரவில் உள்ளூர் மருத்துவருக்கு வழிகாட்டுவது அச்சீட்டே.