மூட்டு வலியா? மாடிப்படியையும் அளந்து பாருங்கள்!

"டாக்டர், தைலம் தேய்ச்சா ஒரு வாரம் நல்லா இருக்கு. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடின்னு வந்துடுது" என்றார் அந்த அம்மா. வயது 58. மூன்று மாதமாக மூட்டு வலிக்கு என்னிடம் வைத்தியம். நாடி பார்த்தாச்சு, உளுந்துத் தைலம் கொடுத்தாச்சு, வாயுப் பதார்த்தங்களைக் குறைச்சாச்சு. "வீட்டில் மாடி உண்டா?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் தப்புதான்.

பூஜை அறை மாடியில். தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிறார். இறங்கும்போது கடைசிப் படியில் இரண்டு முறை விழப் பார்த்தாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படியும் எட்டரை அங்குல உயரம். கால் வைக்கும் அகலம் 9 அங்குலம்தான்.

ஒரு படியின் உயரத்தைக் கொத்தனார்கள் ரைசர் என்பார்கள், பாதம் பதியும் இடம் டிரெட். இந்த இரண்டின் பொருத்தம்தான் முக்கியம். உயரத்தின் இரண்டு மடங்கோடு அகலத்தைக் கூட்டினால் சுமார் 24 அங்குலம் வர வேண்டும் என்று 17-ம் நூற்றாண்டிலேயே பிளாண்டல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கணக்குச் சொன்னார். 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்றால் சரியாக வருகிறது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வீடுகளுக்கு உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம் என்கிறது.

பின்னே ஏன் செங்குத்தாகக் கட்டுகிறார்கள்? இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். மாடித் தரை 10 அடி உயரத்தில் இருந்தால், 7 அங்குலப் படிக்கட்டுக்கு 13 அடிக்கு மேல் நீளம் வேண்டும். எட்டரை அங்குலமாக்கி அகலத்தையும் குறைத்தால் பத்தடிக்குள் முடிந்துவிடும். மிச்சமான மூன்றடிக்கு முழங்கால்தான் விலை கொடுக்கிறது! படியேறும்போதே உடல் எடையைப் போல மூன்று மடங்கு பாரம் மூட்டில் இறங்குகிறது. இறங்கும்போது இன்னும் அதிகம். படி உயர உயர முட்டி அதிகமாக மடங்க வேண்டும். இடம் குறைவென்றால் நடுவில் லேண்டிங் வைத்துத் திருப்புங்கள். நீளமும் குறையும், மூச்சு வாங்க நிற்கவும் இடம் கிடைக்கும்.

சரி, கடைசிப் படியில் ஏன் தடுமாற்றம்? வீடு கட்டிப் பல வருஷம் கழித்துக் கீழ்த் தரையில் கிரானைட் பதித்திருக்கிறார்கள். தரை 2 அங்குலம் உயர்ந்து, அந்த ஒரு படி மட்டும் ஆறரை அங்குலமாகிவிட்டது. நாலைந்து படி இறங்கியதுமே கால் அளவைப் பழகிக்கொள்ளும். அப்புறம் கண் பார்ப்பதில்லை. அளவு மாறினால் கால் ஏமாந்துபோகும். படிகள் ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று மேஸ்திரியிடம் எண்ணிச் சொல்கிறோமே, எல்லாம் ஒரே உயரமா என்று யாராவது அளக்கிறோமா?

கைப்பிடியும் இப்படித்தான். அகலமான கட்டைச் சுவரின் மேல் பளபளவென்று கல். விழும்போது அதை எப்படிப் பிடிப்பது? விரல்கள் சுற்றிக்கொள்ளும்படி ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய், சுமார் 3 அடி உயரத்தில், கடைசிப் படியையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் சந்து விடாதீர்கள், குழந்தை தலையை நுழைத்துவிடும்.

கட்டிய படியை இடிக்கவா முடியும்? படி விளிம்புகளில் வழுக்காத பட்டை ஒட்டச் சொன்னேன், கடைசிப் படிக்கு மஞ்சள் நிறத்தில். சுவரோரம் குழாய்க் கைப்பிடி, மேலும் கீழும் டூ-வே சுவிட்ச். ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கிற காலையும் முதலில் வைக்கச் சொன்னேன். சாமி படங்களை மட்டும் கீழே கொண்டுவர அந்த அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. மகன் பேசிப் பேசி வழிக்குக் கொண்டு வந்தார். தைலத்தை நான் நிறுத்தவில்லை. இரவில் ஒரு வேளை மட்டும் தேய்க்கிறார்.